கணக்கெல்லாம் பைப்பில்: டேட்டாபேஸ் தேர்வுக்கு நான் படித்த விதம்

முதல் இடைத்தேர்வில் டேட்டாபேஸ் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லாமல் விடுகிறேன். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எனக்கு ஓரளவு வரும். செலக்ட், வேர், குரூப் பை என்று எழுதிக்கொண்டே போய்விடுவேன். டேபிள்களிலிருந்து விடையை எடுக்கும் வழியைக் குறிகளால் படிப்படியாக எழுதும் ரிலேஷனல் அல்ஜீப்ரா என்றால்தான் கை நின்றுவிடும். சிக்மா (வரிகளைத் தேர்வது), பை (நெடுவரிசைகளைத் தேர்வது) என்ற குறிகளில் எது எது என்று கடைசி நிமிடம் வரை மனப்பாடம். எஸ்க்யூஎல்லில் என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், எப்படி எடுப்பது என்பது மென்பொருளின் தலைவலி. தேர்வில் கேட்பதோ அந்த 'எப்படி'யைத்தான்.

சீனியர் அக்கா ஒருவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "குறியைப் பார்த்து ஏன் பயப்படுறே? ஒவ்வொண்ணும் ஒரு கமாண்ட்தானே" என்றார். கார்லோ ஸ்ட்ரோஸி என்பவர் 1998இல் வெளியிட்ட நோஎஸ்க்யூஎல் மென்பொருளைப் பற்றி அவர்தான் சொன்னார். இன்று அந்தப் பெயருக்கு, ரிலேஷனல் அல்லாத டேட்டாபேஸ்கள் என்று வேறு அர்த்தம் வந்துவிட்டது. ஸ்ட்ரோஸியுடையது அசல் ரிலேஷனல் டேட்டாபேஸ், அதாவது தரவை டேபிள்களாக வைப்பது. எஸ்க்யூஎல் மொழி மட்டும் கிடையாது. டேபிள் என்பது டேப் இடைவெளியிட்ட சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குட்டி கமாண்ட், நடுவில் ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்.

நான் அதை நிறுவக்கூட இல்லை. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் கட், கிரெப், ஆக், சார்ட், யூனிக், ஜாய்ன், காம் ஆகியவையே போதும் என்று தோன்றியது. மாணவர், பாடம், பதிவு என்று மூன்று ஃபைல்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு வரிகள். அதற்கு மேல் வேண்டாம். விடையைக் கண்ணால் சரிபார்க்க முடிய வேண்டும். தலைப்பு வரியையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சார்ட் அதையும் ஒரு மாணவராக நினைத்து நடுவில் செருகிவிடும்.

புரொஜெக்‌ஷனுக்கு கட், அதாவது வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுப்பது. முதல் நாளே ஒன்று இடித்தது. பதிவு ஃபைலில் பாடத்தின் நெடுவரிசையை மட்டும் வெட்டினால் ஒரே பாடம் நாலு தடவை வருகிறது. எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970இல் முன்வைத்த ரிலேஷனல் மாதிரியில் ரிலேஷன் (டேபிள்) என்பது கணம், ஒரே வரி இரண்டு முறை வராது. சரி, யூனிக் போட்டேன். அப்போதும் போகவில்லை. யூனிக் அடுத்தடுத்து இருக்கும் நகல்களை மட்டுமே நீக்கும், முதலில் சார்ட் வேண்டும். எஸ்க்யூஎல்லில் நகல்களை நீக்கச் சொல்லும் டிஸ்டிங்க்ட் என்ற சொல் தனியாக ஏன் இருக்கிறது, அதற்கு ஏன் செலவு ஆகிறது என்பது அன்றுதான் உறைத்தது.

செலக்‌ஷனுக்கு (நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை எடுப்பது) கிரெப் என்று நினைத்தேன். 45 மதிப்பெண் எடுத்தவர்களைத் தேடினால் 145 என்ற பதிவெண்காரரும் வந்து நின்றார். கிரெப் முழு வரியையும் பார்க்கும். நமக்கு வேண்டியது குறிப்பிட்ட நெடுவரிசையின் மீதான நிபந்தனை. ஆக் அதற்குச் சரி.

அதிகம் கற்றுக்கொடுத்தது, இரண்டு ஃபைல்களைப் பொதுவான நெடுவரிசையை வைத்து இணைக்கும் ஜாய்ன். சார்ட் செய்துதான் கொடுத்தேன், ஆனாலும் வரிசையில் இல்லை என்று திட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாலை முழுக்கப் போனது. நான் எண் மதிப்பின்படி அடுக்கியிருந்தேன், ஜாய்ன் எழுத்து வரிசையை எதிர்பார்க்கிறது. அதன் கணக்கில் 10 வந்த பிறகுதான் 9. ஏன் இந்தப் பிடிவாதம் என்று யோசித்தால், இரண்டு ஃபைல்களையும் மேலிருந்து கீழாக ஒரே முறை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டே போகிறது. பாடத்தில் சார்ட்-மெர்ஜ் ஜாய்ன் என்று இருப்பது இதுவேதான். ஒரே சாவி (இணைக்கப் பயன்படும் மதிப்பு) ஒரு பக்கம் மூன்று வரிகளிலும் மறுபக்கம் இரண்டு வரிகளிலும் இருந்தால் ஆறு வரிகள் வரும். இதை ஒரு முறை திரையில் பார்த்துவிட்டால் "எத்தனை வரிகள் வரும்" கேள்விக்கு அசரமாட்டீர்கள். அப்புறம், பொருந்தாத வரிகளை மட்டும் எடுக்க வி ஆப்ஷன், அவற்றையும் சேர்த்துக்கொள்ள ஏ ஆப்ஷன். அவுட்டர் ஜாய்ன் அவ்வளவுதான்.

எல்லோரும் பயப்படும் டிவிஷனுக்கு வருவோம். 'எல்லாப் பாடங்களிலும் பதிவு செய்த மாணவர் யார்?' நேராகத் தேடினால் வராது, கழித்துத்தான் பிடிக்க வேண்டும். எல்லா மாணவர்களுக்கும் முன்னால் 1, எல்லாப் பாடங்களுக்கும் முன்னால் 1 போட்டு ஜாய்ன் செய்தால் இருக்கக்கூடிய எல்லா ஜோடிகளும் கிடைக்கும். அந்த 1ஐ வெட்டிவிட்டு, உண்மையான பதிவுகளை, இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் காம் கொண்டு கழித்தால் மிஞ்சுபவை விடுபட்ட ஜோடிகள். அவற்றிலிருந்து மாணவர் பெயரை மட்டும் வெட்டி, நகல் நீக்கி, மொத்த மாணவர் பட்டியலிலிருந்து மறுபடி கழித்தால் விடை. காமுக்குக் கொடுக்கும் இரண்டு ஃபைல்களும் வரிசையில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நாலு தடவை தட்டச்சு செய்த பிறகு சூத்திரம் தானாக எழுத வந்தது.

கேள்வி மரத்தில் (எந்தச் செயலை முதலில் செய்வது என்று காட்டும் படம்) செலக்‌ஷனைக் கீழே தள்ளுங்கள் என்பார்களே, அதற்கும் இதே வழி. ஆக்கை ஜாய்னுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்தால் சார்ட்டுக்குப் போகும் வரிகளே குறைவு. தேர்வில் மரம் வரையச் சொன்னால் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பைப் வரியை எழுதிக்கொண்டு அதைப் பார்த்து வரைவேன்.

ஒரு விபத்தும் உண்டு. பதிவு ஃபைலை சார்ட் செய்து, வெளியீட்டை அதே ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். சார்ட் படிக்கத் தொடங்குமுன்பே, கமாண்டுகளை இயக்கும் ஷெல் ஃபைலைக் காலி செய்துவிட்டது. அதன் பிறகு தற்காலிக ஃபைலில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுவது வழக்கமானது. அடாமிசிட்டி (ஒரு மாற்றம் முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே கூடாது) பற்றிய இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இந்தக் கதையைச் சுருக்கி எழுதினாலே போதும்.

இந்த வழியில் பாடத்தின் மற்றப் பகுதிகளான நார்மலைசேஷன் வராது, லாக்கிங் வராது, பி-ட்ரீ வராது. அவற்றுக்குப் புத்தகமும் பேனாவும்தான். பயிற்சியின்போது அதே ஃபைல்களை எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருளில் ஏற்றி, ஒரே கேள்வியை எஸ்க்யூஎல்லிலும் எழுதி, வரிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் நகல் வரிகளைச் சந்தேகியுங்கள். அடுத்தது காலி இடங்கள்: டெக்ஸ்ட் ஃபைலில் வெறுமையாக விட்டது எஸ்க்யூலைட்டில் வெற்றுச் சரமாகத்தான் ஏறும், நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக அல்ல.