எர்த் சரியில்லை என்றால் முள் பொய் சொல்லும்

என் வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். போன வருடம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம். இன்றுவரை மனசு ஆறாத விஷயம், கடைசி சில நிமிடம் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்ததுதான். இன்ஜின் ஆறுகிறது என்று நம்பி ஓட்டினேன். ஹோஸ் விட்டுப்போய்த் தண்ணீர் வற்றியிருக்கிறது. தண்ணீரில் மூழ்காத சென்சார் சூட்டைக் காட்டாது. ஆயில் விளக்கும் எரியவில்லை. பிரஷர் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் அது எரியும்.

இன்ஜின் வேலை முடிந்ததும் தனி மீட்டர் போட முடிவு செய்தேன். கையில் 5,000 ரூபாய். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட் மூன்றும் போதும். வோல்ட் மீட்டருக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நின்றால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. ஆயிலுக்கு மெக்கானிக்கல் மீட்டர்தான் மலிவு. ஆனால் கொதிக்கும் ஆயில் மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டுக்குள் வரும். முன் சீட்டில் மகள் உட்காருவாள், அதனால் அதை விட்டுவிட்டு, சென்சாரிலிருந்து ஒயர் மட்டும் உள்ளே வரும் மின்சார மீட்டரைத் தேடினேன்.

சென்னை ஜி.பி. ரோட்டில் மூன்று மீட்டரும் சேர்ந்த செட் மலிவாகக் கிடைத்தது. வண்டியில் மாட்டுவதற்கு முன் வீட்டில் சோதித்தேன். அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர், பக்கத்தில் பழைய பேட்டரி, சென்சாரின் பித்தளை உடம்பில் கிளிப் மாட்டி நெகட்டிவுக்கு ஒரு ஒயர் (இதுதான் எர்த், மின்சாரம் திரும்பிப் போகும் வழி). "சாம்பார் வைக்கிற அடுப்புல என்னடா இது?" என்றார் அம்மா. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் 82-ல் நிற்கிறது. பதினெட்டு டிகிரி குறைவு! அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை. "மீட்டர் பழசு போதும் தம்பி, சென்சார் மட்டும் புதுசா போடு" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைதான் என் பணத்தைக் காப்பாற்றியது. ஆயிலுக்கும் டெம்பரேச்சருக்கும் வி.டி.ஓ. கம்பெனியின் 52 மி.மீ. மீட்டர் இரண்டு பழையதாக எடுத்தேன். மீட்டரும் சென்சாரும் ஒரே ஓம் கணக்கில் (ஓம் என்பது மின்தடை அளவு) இருக்க வேண்டும். இந்த ஆயில் மீட்டருக்கு 10 முதல் 180 ஓம். வேறு கணக்கு சென்சாரை மாட்டினாலும் முள் ஆடும், காட்டுவதுதான் தப்பு. ஆயில் சென்சாரில் ஜி, டபிள்யூ.கே. என்று இரண்டு முனை உள்ளதைக் கேட்டு வாங்கினேன். முதலாவது மீட்டருக்கு, இரண்டாவது பழைய எச்சரிக்கை விளக்குக்கு. இரண்டு சென்சாரை ஒரே துளையில் மாட்டும் டி-ஜாயின்ட் தேவைப்படவில்லை.

சென்சாரின் திரெட் (மரை) மட்டும் இன்ஜினில் சேரவில்லை. ஜப்பான் இன்ஜின்களில் பெரும்பாலும் 1/8 பி.டி. திரெட், அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்க அளவான என்.பி.டி. திரெட்டில் 27 புரி. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் திரெட் போய்விடும். லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து வாங்கினேன்.

கசியக் கூடாதென்று அடாப்டரில் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். அங்கேதான் தப்பு நடந்தது. சாவியைத் திருப்பினேன், இன்ஜினை இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை, அதற்குள் ஆயில் முள் ஒரு பாரில் (பார் என்பது பிரஷர் அளவு) நிற்கிறது. சென்சாருக்கு எர்த் அந்தத் திரெட் வழியாகத்தான். டேப் அதைப் பாதி மறைத்துவிட்டது. எர்த்தில் தடை கூடினால் இந்த வகை ஆயில் மீட்டர் பிரஷரைக் கூட்டிக் காட்டும், டெம்பரேச்சர் மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டும். இரண்டுமே நம்மைத் தைரியப்படுத்துகிற பக்கம். ஏற்காட்டில் என்னை ஏமாற்றியதும் அந்தப் பக்கம்தான்.

டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரவ சீலன்ட் தடவினேன். முள் பூஜ்யத்துக்கு வந்தது. டெம்பரேச்சர் சென்சாரை மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் உலோகக் குழாய் செருகிப் பொருத்தினேன். இருபுறமும் ரப்பர் என்பதால் அந்தக் குழாயிலிருந்து பாடிக்குத் தனி எர்த் ஒயர். மொத்தச் செலவு 4,600 ரூபாய்.

போன மாதம் மறுபடியும் ஏற்காடு. பதினான்காம் வளைவில் சூடு 104, ஐட்லிங்கில் ஆயில் ஒரு பாருக்குக் கொஞ்சம் கீழே. ஓரம் கட்டி பானட்டைத் திறந்து வைத்தேன். மகள் முன் சீட்டிலிருந்து முள்ளைப் பார்த்து, "தொண்ணூறு வந்துடுச்சுப்பா" என்றாள். கிளம்பினோம்.