பந்தைத் துடைத்து வையுங்கள்

பின்களை உருட்டித் தள்ளும் பௌலிங் ஆட்டத்துக்குப் பந்து வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். உச்சவரம்பு 16 பவுண்டு. அதற்காக அதையே தூக்க வேண்டியதில்லை. மூன்றாவது ஆட்டத்திலும் தோள் தாழாமல் வீச முடிகிற எடைதான் உங்கள் எடை. அதைவிட முக்கியம் விரல் துளைகள். கட்டைவிரல் துளை லூசாக இருந்தால் நம்மை அறியாமலே பந்தை இறுக்கிப் பிடிப்போம், மணிக்கட்டு வலி பின்னாலேயே வந்துவிடும். கையை அளந்து துளை போட்டுத் தருகிறவரிடமே வாங்குங்கள்.

அப்புறம் எண்ணெய். பந்து உருளும் பாதையான 60 அடி லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். ரியாக்டிவ் ரெசின் என்கிற நுண்துளைப் பிளாஸ்டிக் மேற்பரப்பு கொண்ட பந்து அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். நேற்று என் பந்து திரும்பி வந்தபோது, வளையல் அடுக்கினாற்போல மேலெல்லாம் எண்ணெய்க் கோடுகள்! ஒவ்வொரு வீச்சுக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறேன். ஆட்டம் முடிந்த கையோடு, பந்தின் சூடு ஆறுவதற்குள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இன்னொரு முறை. இதை விட்டுவிட்டால் பந்து போகப்போக முன்போல வளைந்து உருளாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் பந்தை விட்டுவிடாதீர்கள். என் முதல் பந்து அப்படித்தான் போனது. கட்டைவிரல் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை.