சித்தப்பாவின் ஸ்பெயார் போத்தல்

எங்கள் சித்தப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு இல்லை. சும்மா சைக்கிள் மிதிக்க முழங்கால் விடாது. பழைய சைக்கிளில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டைப் பூட்டிக்கொண்டு, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நுவரெலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருகிறார். மலைநாட்டில் அந்த வண்டிக்கு ஒரு விசேஷம்: இறக்கத்தில் எஞ்சின் தேவையில்லை, ஏற்றத்தில் எஞ்சின் போதாது.

டாங்கியில் இரண்டு லீற்றர் அளவுதான் பிடிக்கும். ஷெட்டில் அடித்த பெற்றோலை அப்படியே ஊற்றவும் முடியாது. லீற்றருக்கு 40 மில்லி டூ டீ என்கிற டூ ஸ்ட்ரோக் ஒயில் கலக்க வேண்டும். பேத்தியின் இருமல் மருந்து மூடியால் நாலு மூடி அளந்து, வீட்டிலேயே கலந்து வைத்துக்கொள்வார். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் கோட் கொடுத்தார்கள். நம்பர் பிளேட்டே இல்லாத வண்டிக்கு யார் கொடுப்பார்? அன்றிலிருந்து ஸ்பெயார் இல்லாமல் மனிதர் லயத்து வாசலைத் தாண்டுவதில்லை.

ஆனால் கேன் வாங்கக் காசு செலவழிக்க மாட்டார். முதலில் சோடாப் போத்தல். நானுஓயா தாண்டி ஏறும்போது மூடி உஸ்ஸென்று சீறியதாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், வெயிலும் குலுக்கலும் வேறு. உள்ளே ஆவி நிறைந்து போத்தல் உப்பிவிட்டது. மகளுக்கென்று சித்தி சுட்டுக் கொடுத்த ரொட்டியெல்லாம் பெற்றோல் வாடை, நாய்கூட மோந்துவிட்டுப் போனது.

அடுத்தது சாராயப் போத்தல். கண்ணாடி என்றால் உப்பாது என்பது அவர் கணக்கு. குழியில் விழுந்தால் உடையுமே என்று சொல்லிப் பார்த்தேன். பழைய சாரத்தில் சுற்றி முன்கூடையில் வைத்துவிட்டார், கழுத்து மட்டும் வெளியே தெரிய.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. தவறணை, பார் எல்லாம் பூட்டு. சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எல்லார் கண்ணும் கூடையில்தான். ஒயில் கலந்த பெற்றோல் வேறு பொன்னிறமாக மின்னுகிறது. "அண்ணே, முந்தின நாளே எடுத்து வச்சிட்டீங்க போல!" என்று ஒருவர். இன்னொருவர் எழுந்து வந்து, இருபது வருடப் பழக்கம் போல ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். அவர் சித்தப்பாவோடு பேசியே நான் பார்த்ததில்லை.

அதற்குள் பொலிஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். போயாவில் கள்ளமாகச் சாராயம் விற்கிறவரைப் பிடித்த சந்தோஷம் முகத்தில்.

"மொக்கத மேக?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"பெற்றோல் சேர்."

எல்லாரும் சிரித்தார்கள். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. மூடியைத் திருகி, போத்தலை மூக்குக்கு நேராகக் கொண்டுபோய், நன்றாக ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். கண் இரண்டும் கலங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு மதகில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். ஹேண்டிலைப் பிடித்திருந்தவரைக் காணவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும், கண்ணாடிப் போத்தலில் பெற்றோல் கொண்டுபோவது எவ்வளவு ஆபத்து என்று சிங்களமும் தமிழும் கலந்து ஒரு பிரசங்கம். சித்தப்பா தலையாட்டியபடியே மூடியை இறுக்கினார்.

சரி, கடைசியில் காசில்லாமலே வழி கிடைத்தது. கராஜ் பாஸ் ஒருவர் வீசப்போன எஞ்சின் ஒயில் கேன். தடித்த பிளாஸ்டிக், இறுகப் பூட்டும் மூடி, ஒரு லீற்றர். முக்கால்வாசிதான் நிரப்புகிறார், ஆவிக்கு இடம் விட்டு. கிழிந்த சைக்கிள் டியூப்பை வெட்டிக் கரியரில் கட்டியிருக்கிறார். சூடான சைலன்சர் பக்கம் வராமல், ரொட்டிப் பை பக்கமும் வராமல்.

போன வாரம் அதே சந்தியில் ஒருவர் குரல் கொடுத்தார்: "என்ன அண்ணே, இப்ப கேன்லயே வாங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"