கேரியரில் வழுவழுப்பு ஏறும் வரை

நேற்றுதான் ஆய்வேட்டை ஒப்படைத்தேன். இனி இதே வேலையில் இறங்குகிறவர்களாவது என் மாதிரி ஒரு செமஸ்டரைத் தொலைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

எம்பிபிஆர் என்பது, கேரியர் எனும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை மிதக்கவிட்டுச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் தொட்டி. அந்தத் துண்டுகளில் படரும் பயோஃபிலிம், அதாவது நுண்ணுயிர்ப் படலம், அந்த நீரில் இருக்கும் டைக்ளோஃபினாக்கை எவ்வளவு தின்கிறது என்பதுதான் என் எம்.டெக். ப்ராஜெக்ட். பாறுக் கழுகுகளைக் கொன்று குவித்த அதே வலி மருந்து. மாடுகளுக்கான இந்த மருந்துக்கு இந்தியாவில் 2006இல் தடை வந்தது. நாம் விழுங்குவது இன்னும் கழிப்பறை வழியாக வந்துகொண்டிருக்கிறது.

முதல் தப்பு, புது கேரியர் வாங்கியது. புது பிளாஸ்டிக்கில் எதுவும் லேசில் ஒட்டாது. ஆறு வாரம் காற்று ஊதியும் வெள்ளை வெளேரென்று மிதந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் பழைய கேரியரையே கேட்டு வாங்கு என்றார் கைடு.

அங்கேதான் அலைச்சல். துறைத்தலைவர் கடிதத்தோடு போனால், கல்லூரி முதல்வர் கையெழுத்து வேண்டும் என்றார் எழுத்தர். அதையும் வாங்கிப் போனால், "எத்தனை லிட்டர்னு இதுல இல்லையே." அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். கடிதத்தில் அளவு, தேதி, எதற்கு என்பது மூன்றையும் எழுதிவிடுங்கள். மூன்றாவது முறை உள்ளே விட்டார்கள். ஆபரேட்டர் அண்ணன்தான் காப்பாற்றினார்: "அந்தத் தண்ணியோடவே எடுத்துட்டுப் போங்க தம்பி, காய்ஞ்சா செத்துரும்." மீன் தொட்டிக்கு வைக்கும் பேட்டரி பம்ப்பை வாளியில் போட்டுக் கொண்டுவந்தேன்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றோடொன்று உரசி உரசி வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. உள்ளே, குறுக்குச் சுவர்களின் மூலையில் டிகாஷன் நிறத்தில் வழுவழுப்பு. விரல் வழுக்கியது, அலசினால் போகவில்லை. எல்லாம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. மெதுவாகப் பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்தால் அதோடு வெளியேறிவிடும். இங்கே வாரக்கணக்கில் தங்கி, கொஞ்சமே இருக்கும் மருந்தையும் உடைக்கின்றன.

அப்புறம் இன்னொரு அடி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, கேரியரே இல்லாத தொட்டியிலும் டைக்ளோஃபினாக் குறைந்தது! மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் காரணம் ஜன்னல். இந்த மருந்து வெயில் பட்டாலே சிதையும். தொட்டி முழுக்க அலுமினியம் ஃபாயில் சுற்றி, சாம்பிளுக்குப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். படலத்தைச் சாகடித்த கேரியர்களோடு தனியாக ஒரு தொட்டியும் வையுங்கள். மருந்து வெறுமனே ஒட்டிக்கொண்டதா, தின்னப்பட்டதா என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த முறை உயிருள்ள கேரியர் இருந்த தொட்டியில் மட்டும் அளவு நன்றாக இறங்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்து ஆய்வகத்திலேயே கத்திவிட்டேன். கூடவே போட்டிருந்த வலிப்பு மருந்து கார்பமசபின் மட்டும் கடைசி வரை அசையவில்லை.