காரணம் தெரியாத அரிப்பு

தோலில் தடிப்பு இல்லை, புள்ளி இல்லை. ஆனால் படுத்ததும் முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுப்பு, அப்புறம் சொறிந்தே தீர வேண்டிய அரிப்பு. "எல்லாம் மனசுதான்" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாராவாரம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் அந்தச் சூட்டில் சாகும். வாசனை சோப்பை நிறுத்திவிட்டேன். குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் இன்னும் வறண்டுபோகும். துவட்டிய கையோடு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய்.

சாப்பாட்டில் கத்திரிக்காயைத்தான் எல்லாரும் குற்றம் சொன்னார்கள். தின்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கத்திரிக்காய் என்னை ஒன்றும் செய்யவில்லை, கருவாடு தின்ற இரவுகளில்தான் அரிப்பு கூடியது. பதப்படுத்திய, நாள்பட்ட மீனில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும் என்று மருத்துவர் சொன்னார். அதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி உடம்பை வாட்டாதீர்கள்.

முக்கியமாக, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகக் கோளாறு என எது இருந்தாலும் தடிப்பே இல்லாமல் அரிக்கலாம். எனக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு இரவில் தூங்க முடிகிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம், எல்லாருமாகச் சேர்ந்து மருத்துவரிடம் போங்கள்.