நாட்காட்டியில் எழுதிய கிலோக் கணக்கு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவிடம் சம்பளப் போராட்டங்களைப் பற்றிப் பேட்டி எடுக்க நான் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதமாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். பெயர் வெளியே வந்தால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை. ஹட்டனில் பஸ் ஏறி, நோர்வூட் வழியாகப் போய் இறங்கி, மழையோடு மேட்டில் ஏறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தேன். முன் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்தார். அதற்குள் அவருடைய கணவர், பக்கத்துக் காம்பரா (லய அறை) மாமா, தொழிற்சங்கத் தலைவர் என்று ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். நான் அக்காவைக் கேட்டேன். தலைவர் பதில் சொன்னார். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் சம்பளம் கேட்டு 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டதையும், 2021 மார்ச்சில் அந்தத் தொகை அரசாங்க வர்த்தமானியில் வந்ததையும் நன்றாகவே விளக்கினார். அக்கா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் அவருடைய குரல் "சீனி போதுமா?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டது.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்காக மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். என் பேட்டியிலும் அதையே நடக்கவிட்டிருந்தேன். அது என்னை மிகவும் உறுத்தியது.

அடுத்த முறை வேலை நாளில் போனேன். மாலைக் கொழுந்தை எடை போட்டு முடித்து, வெறுங்கூடையோடு அவர் நிறுவைக் கொட்டகையான மடுவத்திலிருந்து இறங்கும்போது குறுக்குப் பாதையில் கூடவே நடந்தேன். இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இன்றைக்கு எத்தனை கிலோ அக்கா?" என்றேன்.

"பதினேழு. அரைப்பேர்தான்."

நாள் முழுக்க மலையில் நின்றும் கேட்ட கிலோ வராவிட்டால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். ஆயிரம் ரூபாய் வந்த பிறகு அவருடைய தோட்டத்தில் 16 கிலோ 20 ஆகியிருக்கிறது. "சம்பளத்தோடு கிலோவையும் ஏற்றிவிட்டார்கள். கை அதே இரண்டு கைதானே, தங்கச்சி?" கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறையில் அளவுக்கு மேல் கழித்த ஒரு நாள், எட்டுப் பெண்கள் கொழுந்தை மடுவத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, இருட்டும் வரை நகராமல் நின்றார்களாம். எந்தச் செய்தித்தாளிலும் வராத போராட்டம் அது. முதலில் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றவர் இந்த அக்கா. அதை லயத்தை அடையும்போது, போகிற போக்கில் சொன்னார்.

காம்பராச் சுவரில் 2023ஆம் ஆண்டு நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. நாளுக்கு நாள் பறித்த கிலோவைப் பென்சிலால் குறித்திருக்கிறார். ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை மட்டும் கிலோ இல்லை. மலையக மக்கள் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நாட்கள் அவை. அந்தக் கட்டங்களில் மன்னார், மதவாச்சி, தம்புள்ளை என்று ஊர்ப் பெயர்கள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்ததும் முழுவதையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பேட்டி எடுக்கிற யாரும் இதைத் தவிர்க்கவே கூடாது. மருமகளின் நோயைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். "இரண்டு வாரச் சம்பளத்தை இழந்து நடந்தார்" என்ற இடம் வந்தபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"இழந்து என்று போடாதே தங்கச்சி. பாட்டன் பூட்டன் நடந்த பாதையைப் பார்க்கப் போனேன் என்று போடு."

அப்படியே மாற்றினேன்.