அம்மாவின் சிகிச்சையும் கிளெய்மும்: சாட்பாட்டிடம் கேட்டதும் ஆட்களிடம் கேட்டதும்

அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடப்பதால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். இந்த மாத்திரை உள்ள வீடுகளில் ஐஎன்ஆர் என்பது அன்றாடப் பேச்சில் வந்துவிடும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண் அது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். அம்மாவைப் போன்றவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். குறைந்தால் கட்டி உருவாகலாம், கூடினால் ரத்தம் கசியலாம்.

ஒருநாள் இரவு அம்மாவின் தொடையிலும் முழங்கையிலும் நீலக் கறைகளைப் பார்த்தோம். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். அந்த நேரத்தில் மருத்துவரை எழுப்பலாமா, காலை வரை பொறுக்கலாமா என்று தெரியவில்லை. ஏஐ சாட்பாட்டைத் திறந்து வயது, வியாதி, வார்ஃபரின் அளவு, கடைசியாக எடுத்த ஐஎன்ஆர் 2.4 என்று எல்லாவற்றையும் எழுதினேன். பதில் நிதானமாகவும் தெளிவாகவும் வந்தது. வயதானால் தோல் மெலியும், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படிக் கறை வருவது வழக்கம், 2.4 என்பது சரியான அளவுதான் என்றது. கறுப்பாக மலம் போனாலோ கடுமையான தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. இல்லையென்றால் ஒன்றிரண்டு நாளில் மருத்துவரைப் பார்க்கலாம் என்று முடித்தது.

அதில் ஒரு வரிகூடத் தவறு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாட்பாட் உளறிக்கொட்டியது, மருத்துவர் வந்து காப்பாற்றினார் என்கிற மாதிரியான கதை இல்லை இது.

மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் போனோம். அவர் கறைகளைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "போன டெஸ்டுக்கு அப்புறம் புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர், நீங்க குடுத்ததுதான்."

அவர் விடவில்லை. "நான் குடுத்தது மட்டும் இல்லம்மா. கண் டாக்டர், பல் டாக்டர், மருந்துக்கடையில நீங்களே வாங்கினது, யாராவது பழகினவங்க குடுத்தது, எதுவா இருந்தாலும் கணக்குதான்."

அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பல்லு வீங்கியிருந்துச்சு, அதுக்கு ஒண்ணு குடுத்தாங்க" என்றார். தங்கையோடு போய்ப் பல் மருத்துவரைப் பார்த்திருக்கிறார். எனக்கே அப்போதுதான் தெரியும். தங்கைக்கு போன் போட்டு அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்.

வார்ஃபரினை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. அதனால் தினமும் சாப்பிடும் அதே வார்ஃபரின், உடம்பில் சேர்ந்துகொண்டே போய் அளவு மீறிய மாதிரி ஆகிவிடுகிறது. அன்றைக்கே ஐஎன்ஆர் எடுத்தார்கள். 7-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரிலும் ரத்தம் இருந்ததால் உடனே சேர்த்துக்கொண்டார்கள். வார்ஃபரினை நிறுத்திவைத்து, அதன் வேலையை முறிக்கும் வைட்டமின் கே-யை நரம்பு வழியாக ஏற்றினார்கள். எண் மெல்ல இறங்கியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி அதே சாட்பாட்டில் அதே கேள்வியை மறுபடி எழுதினேன், மெட்ரோனிடசோலையும் சேர்த்து. முதல் வரியிலேயே சொல்லிவிட்டது: இரண்டும் சேரக் கூடாத மருந்துகள், இன்றைக்கே ஐஎன்ஆர் பாருங்கள் என்று. ஆக, அதற்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்ததை வைத்து என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. நான் கொடுத்த 2.4-ஐ வாங்கி வைத்துக்கொண்டு அதன்மேல் பதிலைக் கட்டியது. மருத்துவரோ அந்த எண்ணை நம்பவே இல்லை. அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதில்தான் அவர் கண் இருந்தது.

எனக்கு மட்டும் நடந்தது இல்லை இது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,298 பேரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். நோய் விவரத்தை முழுதாக எழுதி நேரடியாகக் கொடுத்தபோது ஏஐ மாடல்கள் 94.9 சதவீதம் சரியாக நோயைக் கண்டுபிடித்தன. அதே மாடல்களைச் சாதாரண மக்கள் கையில் கொடுத்து, அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டபோது 34.5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. எதைச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியாது, அதைத் தோண்டி எடுக்க சாட்பாட்டுக்கும் வரவில்லை. 2025-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த இன்னொரு சம்பவம் இதைவிடப் பயங்கரம். அறுபது வயதுக்காரர் ஒருவர் உப்பில் உள்ள குளோரைடைத் தவிர்க்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு, சோடியம் புரோமைடை மூன்று மாதம் சாப்பாட்டில் சேர்த்திருக்கிறார். பிரமை பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த மருத்துவர்கள் தாங்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். குளோரைடுக்குப் பதில் புரோமைடு என்ற பதில் அவர்களுக்கும் வந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் அது கேட்கவில்லை.

ஆனால் பல் மருத்துவரும் கேட்கவில்லையே? அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மாவுக்கு அந்தப் படுக்கை தேவைப்பட்டிருக்காது. படித்துப் பட்டம் வாங்கியவர் எல்லாரும் கேட்பார்கள் என்பது இல்லை. அவசரத்தில் பேனாவை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த இடி. காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டோம் என்பது காரணம். ஆதாரம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் "பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம்" என்று ஒரு வரி இருந்தது.

இந்தக் கட்டத்தில் சாட்பாட் உண்மையிலேயே கை கொடுத்தது. பாலிசிப் புத்தகம் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. எந்த விதியைக் காட்டி நிராகரித்திருக்கிறார்கள், அதன் அர்த்தம் என்ன, எதிர்த்துக் கேட்க எந்தப் படிகள் உண்டு என்று அதைக் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். நள்ளிரவில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் சலித்துக்கொள்ளாத ஒன்று கையில் இருப்பது பெரிய ஆறுதல். எல்லாப் பில்களையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தது. கடைசியில் ஒரு மேல்முறையீட்டுக் கடிதமும் எழுதித் தந்தது. மரியாதையான, அழகான கடிதம். நமக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பையும் வழக்கு எண்ணோடு மேற்கோள் காட்டியிருந்தது.

அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். அந்த எண்ணில் இருந்தது சம்பந்தமே இல்லாத வேறு வழக்கு. அதனால்தான் கடிதத்தை அனுப்பாமல் ஒரு வக்கீலிடம் எடுத்துப் போனேன்.

வக்கீல் மேடம் ஆச்சரியப்படவில்லை. வக்கீல்களே இதில் சிக்கியிருக்கிறார்கள் என்றார். 2023-இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். இந்த வழக்குகள் நிஜமானவையா என்று அதனிடமே கேட்டதற்கு, ஆமாம் என்று பதில் வந்திருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுகிற இயந்திரத்துக்கு, தீர்ப்பு மாதிரி தோற்றமளிக்கும் ஒன்றை எழுதுவது கஷ்டமே இல்லை.

ஆனால் மேடத்துக்கு அந்தத் தீர்ப்பு பெரிய விஷயமாகப் படவில்லை. நிராகரிப்புக் கடிதத்தின் தேதியைத்தான் முதலில் பார்த்தார், மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கிறதா என்று. இருந்தது. அப்புறம் என் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் இரண்டாவது பத்தியில் நிறுத்தி ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டார்.

"என் தாயாருக்கு நீண்டகாலமாக ரத்த அழுத்தம் இருந்ததை நாங்கள் மறுக்கவில்லை, எனினும் இந்தச் சிகிச்சைக்கு அது காரணமல்ல."

"இதை அனுப்பியிருந்தா அவங்க சொல்றதை நீங்களே எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி ஆகியிருக்கும்" என்றார். "அது இருக்கட்டும். இந்தப் பத்து வருஷத்தை யார் சொன்னது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. சாட்பாட் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் நியாயம் பேசியிருந்தது. வீட்டில் விசாரித்தால், சேர்த்த அன்று பயிற்சி மருத்துவர் கேட்டதற்குத் தங்கை பதற்றத்தில் "பத்து வருஷம் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். உண்மையில் பாலிசி எடுத்த பிறகுதான் அம்மாவுக்கு ரத்த அழுத்தமே கண்டுபிடித்தார்கள். முதல் மருந்துச் சீட்டு பீரோவில் இருந்தது. பாலிசி எடுத்த சமயத்து உடல் பரிசோதனை அறிக்கையும் இருந்தது, அதில் அழுத்தம் சரியாகவே இருந்தது. மேடம் இவற்றோடு, பாலிசிக்காக ஆரம்பத்தில் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கச் சொன்னார். பிறகு சிகிச்சை தந்த மருத்துவரிடம் போய், அந்த வரி வீட்டார் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எழுதியது, ஆவணப்படி தேதி இதுதான், ரத்தக் கசிவுக்குக் காரணம் மருந்துகள் ஒன்றோடொன்று மோதியதுதான் என்று கடிதம் வாங்கினோம். அவர் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். கீழே பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை. நாளைக்கு யாராவது கேட்டால் அவர் வந்து பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்கிற ஒருவர் போட்ட கையெழுத்துக்குத்தான் நிறுவனம் அசைந்தது.

மேடம் இன்னொன்றும் கேட்டார், குடும்ப விவரத்தை எல்லாம் சாட்பாட்டில் கொட்டினீர்களா என்று. வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாட்ஜிபிடியோடு பேசுவதற்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு இல்லை என்று ஓபன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025-இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். வழக்கென்று வந்தால் அந்த உரையாடலைக் கேட்டு வாங்க முடியும். அன்றிலிருந்து பெயரும் பாலிசி எண்ணும் நீக்கித்தான் எதையும் அதில் போடுகிறேன்.

மேல்முறையீட்டில் கிளெய்ம் கிடைத்தது. சில சில்லறைச் செலவுகளை மட்டும் கழித்துக்கொண்டார்கள். அதற்காகப் போராட மனமில்லை.

சாட்பாட்டை நான் விட்டுவிடவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் அறிக்கைகளைப் புரிந்துகொள்ளவும், கேட்க வேண்டியதை வரிசைப்படுத்தவும் அதுதான் உதவுகிறது. ஆனால் இப்போது கேள்வியை எழுதிய கையோடு, "பதில் சொல்லாதே, இதைத் தீர்மானிக்க ஒரு மருத்துவர் என்னிடம் என்னென்ன கேட்பார் என்று முதலில் கேள்" என்றும் எழுதிவிடுகிறேன். பதிலின் தரம் நன்றாகவே மாறுகிறது. மருந்தைக் கூட்டுவதோ நிறுத்துவதோ, கையெழுத்துப் போட்டு அனுப்புவதோ மட்டும் ஆளைக் கேட்காமல் செய்வதில்லை.

வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி, எத்தனை வருடமாக என்ன வியாதி என்று எழுதியிருக்கும் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு அதே வரியை மாற்ற எவ்வளவு அலைய வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.